அரிசி இல்லாத ஃபிரைடு ரைஸ்

ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயாவாக வேலை பார்த்தாள் உமாராணி. காலையில் இருபத்து மூன்று பிள்ளைகளை வாசல் வாசலாக ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் இறக்க வேண்டும். மதியம் அதே பிள்ளைகளைக் கொண்டுவந்து அம்மாக்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். பஸ் அல் நஹ்தா வழியாகப் போகும்போது இடது பக்கம் முப்பது மாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்ற டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டு போன்ற கேபினில், அவள் கணவன் பாண்டித்துரை உட்கார்ந்திருந்தான். தரையிலிருந்து எழுபது மீட்டர் உயரம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் அந்த கிரேனைப் பெருமையோடு அண்ணாந்து பார்ப்பாள். பஸ் டிரைவர் மூசா, கோழிக்கோட்டுக்காரர், அந்தச் சிக்னலில் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகப் போவார். "நோக்கிக்கோ உமா, உன் ஆளு ஆகாசத்தில" என்பார். பிள்ளைகளும் கையசைக்கும்.

அந்தப் பெருமை ஒரு செப்டம்பர் மாதத்தில் போனது.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. அதில் தேறினால்தான் ஏற விடுவார்கள். அந்த வருடம் பாண்டித்துரைக்கு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஒன்பது புள்ளி நான்கு என்று வந்தது. கம்பெனி அனுப்பிய கிளினிக்கில் இருந்த டாக்டர் ஆபிதா வாணியம்பாடிக்காரர். ஒளிவுமறைவில்லாமல் தமிழிலேயே சொன்னார்.

"ஏழரைக்குக் கீழ வரணும். மூணு மாசம் டைம் தர்றேன். அதுக்குள்ள வரலைன்னா கிரேன் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட முடியாது. மேல உக்காந்திருக்கும்போது உங்களுக்குக் கண்ணு இருட்டுச்சுன்னா கீழ நிக்கிறவங்க என்ன ஆவாங்க?"

காலையும் இரவும் ஒரு பெரிய மாத்திரை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மாத்திரையில் பாதி. சாப்பாட்டில் கட்டுப்பாடு. அவ்வளவுதான் சீட்டில் எழுதியிருந்தது. ஆனால் உமாராணிக்கு டாக்டரின் கடைசிக் கேள்வி மட்டும் காதிலேயே நின்றுவிட்டது.

அவளுக்குச் சர்க்கரை புதிதல்ல. கமுதியில் அவள் மூத்த அண்ணன் லாரி ஓட்டியவர். காலில் ஒரு முள் குத்தியதுதான் ஆரம்பம். இரண்டு விரல் போனது, பிறகு பாதம். கடைசியில் கண்ணும் மங்கி, வாசலில் வருகிறவர் யாரென்று குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் நிலைக்கு வந்தார். அவருக்கும் தொடக்கத்தில் ஒன்பதுதான் இருந்தது.

பாண்டித்துரை வீட்டுச் சாப்பாட்டுக்காரன் இல்லை. அதுதான் பெரிய இடைஞ்சல். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் சாயங்காலம் ஆறுக்குத்தான் இறங்குவான். பேச்சுத்துணை வாக்கி டாக்கி மட்டும். அதில் வருவதும் "தூக்கு, இறக்கு, நிறுத்து" தவிர வேறில்லை. ஒன்பது வருடமாக இப்படி. அதனால் இறங்கியதும் ஆளரவம் வேண்டும் அவனுக்கு. ரோலாவில் அவர்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை இருந்தது. நேராக அங்கே போய் உட்காருவான். பரோட்டாக் கல்லின் சத்தம், நாலு பேர் பேச்சு, தட்டு வைக்கிற ஓசை. மூன்று பரோட்டா, சால்னா, ஒரு சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ். சில நாள் முட்டை ஃபிரைடு ரைஸ். வெள்ளிக்கிழமை மந்தி என்கிற அரபுக் கறிச்சோறு. உமாராணி கீரையும் சாம்பாரும் வைத்துக் காத்திருந்தால், "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு" என்று இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவான்.

ரிப்போர்ட் வந்த அன்று அவனும் பயந்துதான் இருந்தான். நாலு நாள் கேப்பைக் கூழும் சுட்ட அப்பளமும் சாப்பிட்டான். ஐந்தாம் நாள் சட்டையில் சால்னா வாசத்தோடு வந்தான்.

"ஒரு பரோட்டாதான் தின்னேன். சத்தியமா."

உமாராணி அந்தச் சட்டையை வாங்கி ஊறப்போட்டாள். சண்டை போட்டால் நாளை வேறு கடையில் சாப்பிட்டுவிட்டு வருவான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தாள். இவனைக் கடைக்குப் போகாமல் நிறுத்த முடியாது. கடையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

மறுநாள் பஸ் வேலை முடிந்து வரும்போது கடைக்குள் போனாள். மதியம் மூன்றரை, கூட்டமில்லை. பரோட்டா மாஸ்டர் முனியசாமி சாயங்காலத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் டால்டா டின் திறந்திருந்தது. அவர் கை அதற்குள் போய்ப் போய் வந்ததை உமாராணி எண்ணினாள். ஏழாவது தடவைக்கு மேல் எண்ணப் பிடிக்கவில்லை.

"அண்ணே, டால்டா இல்லாம பரோட்டா வருமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வரும் தங்கச்சி. பேரு சப்பாத்தின்னு சொல்லணும்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "கோதுமையில கால் பங்கு மைதா கலந்துக்கங்க. தயிர் ஊத்திப் பிசைஞ்சு ரெண்டு மணி நேரம் ஊற விடுங்க. விரல்ல தொட்ட எண்ணெய் போதும், மடிப்பு நிக்கும். சுட்டதும் நாலை ஒண்ணா அடுக்கி ரெண்டு பக்கமும் அடிங்க. நல்லாச் சத்தம் கேக்கணும். பாண்டி அண்ணன் காதாலதான் பாதி திங்கிறாரு."

முதல் தடவை செருப்புத் தோல் மாதிரி வந்தது. மூன்றாவது தடவை மடிப்பு பிரிந்தது. ஐந்தாவது தடவை அவள் அடுக்கி அடித்தபோது, குளித்துக்கொண்டிருந்த பாண்டித்துரை உள்ளேயிருந்து, "என்ன, பரோட்டாவா?" என்று கேட்டான்.

சால்னா இன்னும் சிரமம். கடையில் தேங்காயும் முந்திரியும் அரைத்து ஊற்றுவார்கள், மேலே இரண்டு விரற்கடை எண்ணெய் நிற்கும். அவள் தோல் நீக்கிய கோழியின் எலும்பை நிதானமாக வேகவைத்தாள். வெங்காயத்தை ஒரு கரண்டி எண்ணெயில் அரை மணி நேரம் பொறுமையாக வதக்கினாள். தேங்காய்க்குப் பதில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் சோம்பும் அரைத்து விட்டாள். ருசி கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் அவன் கிண்ணத்தைப் பார்த்து, "மேல எண்ணெய் மெதக்கலைன்னா சால்னான்னே மனசு ஒப்பலையே" என்றான். அடுத்த முறை ஒரு டீஸ்பூன் எண்ணெயைச் சூடாக்கி, காஷ்மீரி மிளகாய்த் தூளை அதில் பொரித்து, பரிமாறும் முன் மேலே வட்டமாக ஊற்றினாள். செக்கச்செவேலென்று மிதந்தது. அவன் இரண்டாவது கரண்டி கேட்டான்.

சிக்கன் சிக்ஸ்டி ஃபைவை எண்ணெயில் முக்காமல் இரும்புத் தோசைக்கல்லில் திருப்பித் திருப்பிப் போட்டாள். தயிர், முட்டை வெள்ளை, ஒரு கரண்டி அரிசி மாவு. கலர்ப் பொடி இல்லை. ஓரம் மொறுமொறுப்பாக வந்தது. பாண்டித்துரை கடைக்குப் போவது குறைந்தது. நாலு பேர் பேச்சுக்காக, வாரத்தில் இரண்டு நாள் அவன் சைட்டில் சிக்னல் கொடுக்கிற சோலைமுத்துவை வீட்டுக்கு அழைத்து வந்தான். சோலைமுத்து முதுகுளத்தூர்க்காரன், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். "மதினி, கீழ போர்டு மட்டும் மாட்டிட்டீங்கன்னா முனியசாமி அண்ணன் ஊருக்குப் போயிருவாரு" என்பான்.

தினமும் காலை அவன் விரல் நுனியில் ஊசி குத்தி உமாராணிதான் பார்ப்பாள். இருநூற்றுப் பத்து. நூற்று எண்பது. நூற்று ஐம்பத்தைந்து. எண் இறங்க இறங்கப் பயமும் இறங்க வேண்டும்தானே? இறங்கவில்லை. நூற்று ஐம்பத்தைந்தைப் பார்த்தால் நூற்று அறுபத்தைந்து ஆகிவிடுமோ என்று தோன்றியது. பஸ்ஸிலிருந்து கிரேனைத் தேடிப் பார்ப்பாள். நீளக் கை சுழன்றுகொண்டிருந்தால் மூச்சு வரும். சும்மா நின்றால், அது சாதாரணமாக ஓய்வில் நிற்கிற நேரமாக இருந்தாலும், கண்ணை எடுக்க முடியாது. மதுரையில் கல்லூரியில் படிக்கிற மகள் தாமரை போனில் பேசும்போது, "அப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பாள். "நல்லாருக்காரு" என்று சொல்லிவிட்டு இவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

மதியச் சாப்பாடு டப்பாவில் போகும். அதைக் கேபினிலேயே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். அங்கேதான் ஃபிரைடு ரைஸ் வந்தது. காலிஃபிளவரைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, ஈரம் போக உலர்த்தி, இரும்புச் சட்டியில் நெருப்பைக் கூட்டி வைத்துக் கிளறினால் அரிசி மாதிரியே உதிரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தாள். முதலில் பாதி பாஸ்மதி, பாதி காலிஃபிளவர். முட்டை, வெங்காயத்தாள், மிளகுத்தூள், கடைசியில் ஒரு சொட்டு வினிகர். சாயங்காலம் அவன் டப்பாவை வழித்துக் கொண்டுவந்தான்.

"கடை ருசி அப்படியே வந்திருக்கு உமா. அரிசி மட்டும் கொஞ்சம் சன்னமா இருக்கு. புது பிராண்டா?"

"ஆமாங்க" என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் மனம் அதிலேயே நின்று ருசி கெட்டுவிடும், மறுபடி கடைக்குப் போவான் என்று பயந்தாள். பிறகு அரிசியைக் கால் பங்காக்கினாள். பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு நாள் காலை எண் நூற்று அறுபத்தெட்டு காட்டியது. முந்தின நாள் சோலைமுத்துவின் பிறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக் தின்றிருந்தான், அதுதான் காரணம். உமாராணிக்கு அன்று முழுக்கக் கை ஓடவில்லை. மறுநாளிலிருந்து டப்பாவில் அரிசியே போடவில்லை. வாசத்துக்காகப் பாஸ்மதி வெந்த தண்ணீரை மட்டும் நாலு சொட்டுத் தெளித்தாள். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவன் பையில் எப்போதும் கிடக்கும் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டையும், நாலு பேரீச்சம்பழத்தையும் எடுத்து ஒளித்து வைத்தாள். காலைக்கு இரண்டு இட்லியை ஒன்றாக்கினாள். அன்று அவள் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது.

பாண்டித்துரையும் அதே வாரத்தில் ஒன்று செய்தான். அவளுக்குத் தெரியாது. நூற்று அறுபத்தெட்டைப் பார்த்து அவனுக்கும் பயம் வந்திருந்தது. கம்பெனியில் ஒரு வடநாட்டு ஆபரேட்டர் கண் பார்வையில் தேறாமல் போய், மூன்றாம் நாளே ஊருக்கு டிக்கெட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த ஆள் அறையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியதை இவன் பார்த்திருக்கிறான். அதனால் அரை மாத்திரையை முழு மாத்திரையாக்கினான். உமாராணி தண்ணீர் எடுக்க உள்ளே போகிற நேரத்தில் மற்றப் பாதியையும் வாயில் போட்டுக்கொள்வான். அவளைப் பயமுறுத்த வேண்டாமென்று சொல்லவில்லை.

ஒருவருக்கொருவர் மறைத்த இந்த இரண்டும் ஒன்பது நாள் வெளியே தெரியாமல் ஓடின. காலை எண் இறங்கியதை இருவரும் அவரவர் வழி பலித்தது என்று எடுத்துக்கொண்டார்கள். இடையில் இரண்டு நாள் மதியம் லேசாகக் கை நடுங்கியது என்று பிற்பாடு சொன்னான். டீ குடிக்காததால் இருக்கும் என்று நினைத்தானாம்.

பத்தாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நவம்பர் கடைசி, வெயில் இதமாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பஸ் பிள்ளைகளோடு அல் நஹ்தா சிக்னலுக்கு வந்தது. சிவப்பு விழுந்தது. உமாராணி வழக்கம்போல் குனிந்து இடது பக்கக் கண்ணாடி வழியாக மேலே பார்த்தாள்.

கிரேன் நின்றுகொண்டிருந்தது. கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி, பாதி உயரத்தில், யாருமில்லாத வெளியில் தொங்கி மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பி, மறுபடி திரும்பியது. சுமையோடு கிரேனை நிறுத்தி வைக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். கீழே பார்த்தாள். ஆட்கள் எல்லோரும் கட்டடத்தை விட்டு விலகி வேலியோரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையை விரித்து மற்றவர்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தான். கிரேனின் கம்பத்துக்குள் இருந்த ஏணியில், மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். ஓய்வெடுக்காமல், குரங்கு மாதிரி, வேக வேகமாக.

வேலை நடுவில் யாரும் அந்த ஏணியில் ஏறுவதில்லை.

"மூசாக்கா" என்றாள். மேலே கையைக் காட்டினாள்.

மூசா எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அவள் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போனை எடுத்துப் பாண்டித்துரைக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. சோலைமுத்துவுக்கு அடித்தாள். அவனும் எடுக்கவில்லை. பச்சை விழுந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

"நிறுத்துங்க, நான் இறங்கிக்கிறேன்."

"உமா, குட்டிகள்" என்றார் மூசா மெதுவாக. "ஆயா இல்லாம வண்டி ஓட்ட முடியாது. நிறுத்தவும் இடமில்ல."

கே.ஜி. பிள்ளை ஒன்று அவள் துப்பட்டாவை இழுத்து ஆங்கிலத்தில் தண்ணீர் கேட்டது. பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்தாள். பஸ் திரும்பியது. கிரேன் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தது.

அந்த நாற்பது நிமிடத்தை அவள் பிறகு யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பதினேழு நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி, பிள்ளையின் கையைப் பிடித்து, தெருவைக் கடந்து, அம்மாவின் கையில் கொடுத்து, பையையும் தண்ணீர் பாட்டிலையும் சரிபார்த்து, சிரிக்க வேண்டும். சிரித்தாள். ஒரு அம்மா நாளைக்கு லீவு என்று ஏதோ சொன்னாள், தலையாட்டினாள். மனசுக்குள் ஒரே ஒரு படம்தான். நேற்று இரவு காலிஃபிளவரைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்த தன் இரண்டு கைகள். ஏன் அந்தப் படம் வருகிறது என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. பதினான்காவது நிறுத்தத்தில்தான் புரிந்தது. காலையில் ஒரு இட்லி. மதியம் ஒரு பிடி அரிசி கூட இல்லை. பையில் பிஸ்கட் இல்லை. மேலே ஒன்றுமே இல்லை அவனிடம். பஸ் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கடைசிப் பிள்ளையை இறக்கும்போது போன் அடித்தது. சோலைமுத்து. மூச்சு இன்னும் அடங்கவில்லை அவனுக்கு.

"மதினி, அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. இறக்கிட்டோம். பேசுறாரு. பயப்படாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க நேரா அங்க வந்துருங்க."

"கம்பி?" என்று கேட்டாள். அதைத்தான் முதலில் கேட்டாள்.

"அதும் பத்திரமா இறங்கிருச்சு. யாருக்கும் எதுவுமில்ல மதினி."

மூசா பஸ்ஸை டிப்போவுக்குக் கொண்டுபோகாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோனார். அதற்காகப் பிறகு அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நடந்தது இதுதான். சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்துக் கம்பிக் கட்டைத் தூக்கும்போது பாண்டித்துரைக்குக் குளிரூட்டிய கேபினுக்குள் சட்டை நனைய வியர்த்தது. கொக்கி இரண்டாகத் தெரிந்தது. எந்தக் கொக்கி நிஜம் என்று தெரியவில்லை. பிடியை விட்டுவிட்டான். கையை எடுத்தால் கிரேன் தானாகவே நின்றுவிடும். அது அவன் யோசித்துச் செய்ததா, கை தானாக நழுவியதா என்று அவனுக்கே தெரியாது. வாக்கி டாக்கியில் "சோலை" என்றான். அடுத்து வந்தது வார்த்தையாக இல்லை. சோலைமுத்துவின் அப்பாவும் சர்க்கரைக்காரர். குரல் குழறியதைக் கேட்டதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கீழே நின்றவர்களை விரட்டினான். பக்கத்தில் ஒரு வங்காளி குடித்துக்கொண்டிருந்த மாம்பழ ஜூஸ் பாட்டிலைப் பிடுங்கி, பெல்ட்டில் செருகிக்கொண்டு ஏறினான். இருபது நிமிட ஏற்றத்தைப் பத்து நிமிடத்தில் ஏறினான். பாண்டித்துரை கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி விழித்திருந்தான். ஏறி வந்தவன் யாரென்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "குடிண்ணே, குடிண்ணே" என்று சோலைமுத்து திட்டித் திட்டிக் குடிக்க வைத்தான். பின்னாலேயே ஏறி வந்த இன்னொரு ஆபரேட்டர் கம்பியை இறக்கினார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த பாண்டித்துரையின் முகம் வெளுத்துக் கிடந்தது. கேபினில் இருந்தபோது சர்க்கரை நாற்பத்தைந்துக்கும் கீழே போயிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். உமாராணி அவன் காலருகே நின்றாள். தொடப் பயமாக இருந்தது.

"நான்தாங்க பண்ணேன்" என்றாள். "சாப்பாட்டுல அரிசியே இல்ல. பத்து நாளா இல்ல. எல்லாம் காலிஃபிளவர். பிஸ்கட்டையும் நான்தான் எடுத்தேன்."

அவன் அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள்.

"அரை மாத்திரைன்னு எழுதுனதை நான் முழுசா போட்டேன் உமா" என்றான். "அதும் பத்து நாளா."

அவள் அப்போதுதான் அழுதாள். அவன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்த வாரம் முழுக்கப் பயத்திலேயே போனது. கம்பெனி பாதுகாப்பு அதிகாரி வந்து எழுதி வாங்கினார். பாண்டித்துரை மாத்திரையை மறைக்கவில்லை, முழுசாகச் சொல்லிவிட்டான். "சொல்லாம இருந்திருக்கலாமோ?" என்று வீட்டுக்கு வந்ததும் அவளையே கேட்டான். போன் அடித்தாலே இருவருக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அந்த வடநாட்டுக்காரனின் பேச்சு நாளைக்கு நாலு தடவை வந்தது. எட்டாம் நாள் கடிதம் வந்தது. டிக்கெட் இல்லை. மேலே ஏறக் கூடாது, ஸ்டோரில் பெல்ட்டும் கொக்கியும் எடுத்துக் கொடுக்க வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்தால் பிறகு பார்க்கலாம் என்றிருந்தது. அதைச் சோலைமுத்துவிடம் படிக்கக் கொடுத்து மூன்று தடவை கேட்டாள் உமாராணி, எங்காவது வேறு அர்த்தம் ஒளிந்திருக்குமோ என்று.

டாக்டர் ஆபிதா இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்துப் பேசினார். சின்ன மாத்திரையை அடியோடு நிறுத்தி வேறு மாற்றினார். உமாராணி சமையலை ஒவ்வொன்றாகச் சொல்ல, குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க சமைச்சது எதுவும் தப்பில்ல. பரோட்டா, சால்னா எல்லாம் அப்படியே செய்யுங்க. ஆனா சோத்தை எடுத்தா மாத்திரையையும் குறைக்கணும். அதை நான்தான் சொல்லணும், நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா முடிவு பண்ணக் கூடாது. முக்கால் கப் சோறு வைங்க. பையில இனிப்பு ஏதாவது எப்பவும் இருக்கட்டும்." கடைசியாக, "பயந்து பயந்து சமைக்காதீங்கம்மா" என்றார்.

அது மட்டும் உமாராணிக்குக் கைவரவில்லை. முக்கால் கப் சோறு அளக்கும்போது அண்ணனின் கால் ஞாபகம் வந்தது. அரைக் கப்பாகக் குறைக்கக் கை போனால் கிரேனில் தொங்கிய கம்பி ஞாபகம் வந்தது. இரண்டு பயத்துக்கும் நடுவில் கப்பைத் தட்டிச் சமன் செய்து டப்பாவில் போடுவாள்.

பிப்ரவரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஏழு புள்ளி இரண்டு. டாக்டர் ஆபிதா கிரேன் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். ஏறும் முன் சர்க்கரை பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தார். அன்று சாயங்காலம் சோலைமுத்துவும் முனியசாமியும் வீட்டுக்கு வந்தார்கள். முனியசாமி அவள் பரோட்டாவைப் பிய்த்து வெளிச்சத்தில் காட்டி மடிப்பை எண்ணினார். "பரவால்ல, பரோட்டான்னே சொல்லலாம்" என்றார்.

திங்கட்கிழமை காலை பாண்டித்துரை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிரேனடிக்குப் போனான். ஏணியில் ஏறினான். முதல் மேடை வரை போனான். அங்கே நின்று மேலே பார்த்தான். ஐந்து நிமிடம் கழித்து இறங்கி வந்துவிட்டான்.

"என்னண்ணே, சர்க்கரையா?" என்று சோலைமுத்து ஓடி வந்தான்.

"சர்க்கரை நூத்தி முப்பது. நல்லாத்தான் இருக்கேன்." பாண்டித்துரை கையுறையைக் கழற்றினான். "ஒம்போது வருசமா மேல நான் தனியா இருந்திருக்கேன்டா. அன்னிக்கு நீ ஏறி வந்து கதவைத் திறந்தப்பதான் அது எனக்குத் தெரிஞ்சுது. இனி என்னால முடியாது."

வீட்டில் இதைச் சொன்னபோது அவன் தலையைக் குனிந்திருந்தான். சம்பளம் குறையும், ஊரில் கேட்பார்கள், பேப்பர் கையில் கிடைத்த பிறகு பயந்து இறங்கிவிட்டான் என்று சைட்டில் பேசுவார்கள். உமாராணிக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை அவன் முன்னால் காட்ட வெட்கமாக இருந்தது. "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்போது அவன் ஊருக்கு வெளியே, சஜாவில் இருக்கிற கம்பெனி யார்டில் லாரி கிரேன் ஓட்டுகிறான். சக்கரத்தின் மேல், தரையில் நிற்கிற வண்டி. சம்பளம் குறைவுதான். மதியம் பன்னிரண்டரைக்கு எல்லோரும் ஷெட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பஸ் இன்னும் அல் நஹ்தா வழியாகத்தான் போகிறது. கட்டடம் முடிந்து அந்த கிரேனைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் அந்தச் சிக்னலில் உமாராணி ஒரு பிள்ளையின் பையைச் சரிசெய்கிற சாக்கில் வலது பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

தினமும் டப்பாவை மூடும் முன் அவனைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள்.

"இந்தப் பக்கம் முக்கால் கப் சோறு. இது காலிஃபிளவர். சிக்கன் ஆறு துண்டு."

"மாத்திரை ஒண்ணு போட்டேன்" என்கிறான் அவன், வாயைத் திறந்து காட்டாத குறையாக. "நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேன்" என்று சொல்லி, பேரீச்சம்பழம் நாலையும் பையின் வெளி அறையில் போட்டு, ஜிப்பை இழுத்து, இழுத்ததை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்க்கிறாள்.